ஏற்காட்டில் காலை உணவோடு வீட்டுத் தங்கல்: நான் பிடித்த வழி

மே மாதக் கோடை விழாச் சமயத்தில் ஏரியைச் சுற்றி லாட்ஜ் தேடுவது வீண் வேலை. வாடகையும் ஏறிவிடும். நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கம் காப்பித் தோட்டங்களுக்குள் இருக்கும் வீடுகளைத் தேடியதும் அறை கிடைத்தது.

ஆப்பில் இருக்கும் படத்தை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். வீட்டுக்காரரை வீடியோ காலில் அழைத்து, வாசல் கேட்டிலிருந்து அறைவரை நடந்தபடியே காட்டச் சொல்லுங்கள். போலி ஆள் என்றால் இங்கேயே நழுவிவிடுவார். யுபிஐயில் வரும் பெயரும் அவர் பெயரும் ஒத்துப்போனால் ஒரு இரவு வாடகை மட்டும் முன்பணம்.

அடுத்து பாதை. மேப் பெரும்பாலும் எஸ்டேட் கேட்டோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு மண் சாலை. "கடைசி ஒரு கிலோமீட்டர் தார் ரோடா? மழை பெய்தால் சின்னக் கார் ஏறுமா?" என்று கேளுங்கள். சேலத்திலிருந்து அடிவாரம் வழியாக ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். மூடுபனி இறங்குமுன், மாலை ஐந்துக்குள் போய்ச் சேருவது நல்லது. குப்பனூர் வழியும் உண்டு.

வெந்நீர் கீசரிலா, சோலாரிலா என்பது முக்கியம். மேகம் மூடிய நாளில் சோலார் தண்ணீர் வெதுவெதுப்போடு சரி. கீசர் என்றால் மின்வெட்டுக்கு என்ன ஏற்பாடு என்றும் கேட்டுவிடுங்கள், ஜெனரேட்டர் பல வீடுகளில் விளக்குக்கு மட்டும்தான்.

காலை உணவுக்குத் தலைக்கணக்கை முந்தைய நாள் மதியமே சொல்லுங்கள். மாவு அரைத்துப் புளிக்க வேண்டும், அதிலும் மலைக்குளிரில் தாமதமாகவே பொங்கும். இரவில் சொன்னால் உப்புமாதான்!