ஹாலோவீனுக்குப் பூசணியை விட்டு டர்னிப்பைக் குடையுங்கள்: பேய்முக விளக்கு செய்முறை

அக்டோபர் 31 வந்தால் எங்கு பார்த்தாலும் ஆரஞ்சுப் பூசணிதான். ஆனால் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் பேய்முக விளக்கை முதலில் செதுக்கியது டர்னிப் என்ற கிழங்கில். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பிறகு கூட்டம் கூட்டமாக அமெரிக்கா போன ஐரிஷ் மக்களுக்கு அந்த மண்ணின் பூசணி கிடைத்தது. பெரிய காய், உள்ளே பாதி காலி, கத்தி சுலபமாக இறங்கும். அப்புறம் டர்னிப்பை யார் குடைவார்கள்? இருந்தாலும் பயமுறுத்துவதில் டர்னிப்பைப் பூசணியால் நெருங்க முடியாது. குடையும் நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதைகளையும் அந்தந்த இடத்திலேயே சேர்த்திருக்கிறேன்.

காய் வாங்குவது

ஐரிஷ்காரர் டர்னிப் என்பது மஞ்சள் சதையுள்ள பெரிய கிழங்கை. பிரிட்டன் கடைகளில் அதன் பெயர் ஸ்வீட் (swede, மிட்டாய் இல்லை), கனடாவில் ருட்டபாகா. குறுக்களவு 13 முதல் 15 செ.மீ. இருக்கட்டும். தேநீர் மெழுகுவர்த்தியே 4 செ.மீ. அகலம், அதைச் சுற்றி இடம் விட்டால் உட்குழி 7 செ.மீ.க்குக் குறையக் கூடாது. சிறிய காயை வாங்கினால் சுவர் கருகும்.

எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் செய்வதானால் ஊதா மேல்தோலுள்ள வெள்ளை டர்னிப்பே போதும், சதை மெத்தென்று இருக்கும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மூடி

அடியில் மெல்லிய சீவல் எடுத்துவிட்டு, உருளாமல் நிற்க வையுங்கள். கீழே ஈரத்துண்டு விரித்தால் வழுக்காது. மேலே 3 செ.மீ. தடிமனில் மூடியை வெட்டுங்கள். மூடியிலும் காயிலும் ஒரே நேர்கோட்டில் சின்னக் கீறல் போட்டால் திரும்ப மூடும்போது சரியாகப் பொருந்தும். மூடியின் நடுவில் விரல் நுழையும் ஓட்டை கட்டாயம். அது இல்லாவிட்டால் சூடு வெளியே போகாமல் மூடி வெந்து, வீடு முழுக்க முட்டைக்கோஸ் தீய்ந்த வாடை அடிக்கும்.

குடைவது

பாதிப் பேர் கைவிடுவது இந்த இடத்தில்தான். நேராகக் கரண்டியைக் குத்தினால் கரண்டிதான் வளையும். சதை அவ்வளவு கெட்டி. முதலில் சுவருக்கு 1.5 செ.மீ. விட்டு வட்டமாகக் கீறுங்கள். அந்த வட்டத்துக்குள் பர்பிக்குத் துண்டு போடுவது போல ஒரு செ.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் கத்தியை 2 செ.மீ. ஆழத்துக்கு இறக்குங்கள். இப்போது கரண்டியை ஓரத்தில் கொடுத்து நெம்பினால் துண்டு துண்டாகப் பெயர்ந்து வரும். மறுபடி கட்டம், மறுபடி நெம்பல். மூன்று நான்கு சுற்றில் அடி வந்துவிடும். அடியில் 2 செ.மீ. விடுங்கள்.

பழத்தை உருண்டையாகத் தோண்டும் கரண்டி, கைப்பிடி வரை ஒரே இரும்பாக இருந்தால், இதற்கு அதுதான் ராஜா. பிளாஸ்டிக் பிடி உடைந்துவிடும். பூசணி செதுக்க விற்கும் மெல்லிய ரம்பத் தொகுப்பு டர்னிப்பில் ஒரு பைசாவுக்குப் பிரயோஜனமில்லை. டிரில்லிங் மெஷின் உள்ளவர்கள் 20 மி.மீ. தட்டை பிட்டை மெதுவான வேகத்தில் ஓட்டலாம். ஆனால் காயைக் கையில் பிடிக்காதீர்கள். பிட் சிக்கினால் காய் சுழன்று மணிக்கட்டைத் திருகிவிடும். வைஸில் (பட்டறைப் பிடிப்பானில்) இறுக்கிவிட்டுத்தான் துளைக்க வேண்டும். சீக்கிரம் முடியட்டும் என்று காயை வேகவைக்கவும் வேண்டாம்; சுவர் குழைந்து மறுநாளே உட்கார்ந்துவிடும்.

கை வலிக்கும் இந்த நேரத்தில் ஜாக் கதையைச் சொல்லுங்கள். சாத்தானையே ஏமாற்றிய கஞ்சன் ஜாக்குக்குச் சொர்க்கத்திலும் இடமில்லை, நரகத்திலும் இடமில்லை. சாத்தான் வீசிய ஒரு தணலை டர்னிப்புக்குள் வைத்துக்கொண்டு இருட்டில் அலைகிறானாம்.

முகம்

முகம் வரும் பக்கத்தை மட்டும் உள்ளே சுரண்டி 1 செ.மீ.க்குக் கொண்டுவாருங்கள். அதற்கு மேல் மெலிந்தால் பல் உடையும். கண்ணை முதலில் வெட்டி, வாயைக் கடைசியில் வையுங்கள். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், டர்லோ பார்க்கிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் டொனகலிலிருந்து 1943இல் வந்த டர்னிப் முகத்தின் பிளாஸ்டர் அச்சு இருக்கிறது. குழிந்த கண், ஒழுங்கில்லாத பல். அதன் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், பூசணிச் சிரிப்பை மறந்துவிடுவார்கள்.

சின்னவர்களுக்குக் கத்தி வேண்டாம். சுவிட்சர்லாந்தின் ரிஷ்டர்ஸ்வில் ஊரில் நவம்பர் மாதம் டன் கணக்கில் டர்னிப் குடைந்து ஊர்வலம் விடுவார்கள். அங்கே சதையைத் துளைப்பதில்லை, ஊதாத் தோலை மட்டும் உரிப்பார்கள். வெளிச்சம் வெள்ளைச் சதை வழியே கசியும். சுவரை 7, 8 மி.மீ. ஆக நீங்கள் சுரண்டிக் கொடுத்து, பிஸ்கட் அச்சை லேசாக அழுத்தினால் தோலை அவர்களே உரித்துவிடுவார்கள்.

விளக்கு

கையில் தூக்கிப் போவதானால் பேட்டரி விளக்குதான். வேஷத் துணியும் நெருப்பும் ஒன்றாகப் போகக் கூடாது. வாசலில் வைக்க மட்டும் மெழுகுவர்த்தி. தொங்கவிட, விளிம்புக்கு 1.5 செ.மீ. கீழே இரு பக்கமும் துளைத்துக் கம்பி மாட்டுங்கள்; நூல் எரிந்துவிடும்.

விளக்கோடு வீடு வீடாகப் போகும் ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் கையை நீட்டினால் மட்டும் போதாது. ஒரு பாட்டோ கவிதையோ விடுகதையோ சொன்ன பிறகுதான் மிட்டாய். மேன் தீவில் அதே இரவுக்கு ஹாப்-டு-நா என்று பெயர். அங்கே இன்னும் டர்னிப்தான், பாட்டும் அவர்களுக்கே உரியது. அயர்லாந்தில் பார்ம்பிராக் என்ற உலர்திராட்சை ரொட்டிக்குள் மோதிரம் ஒளித்து வைப்பார்கள். கிடைத்தவருக்கு ஒரு வருடத்துக்குள் கல்யாணமாம். நீங்களும் சுடுவதானால் மோதிரத்தைக் காகிதத்தில் சுற்றி, ரொட்டி ஆறிய பிறகு அடிப்பக்கம் கீறிச் செருகுங்கள், பல் தப்பும்.

பிற்சேர்க்கை: செய்து பார்த்தவர்கள் கேட்டவை

சுடர் அணைந்துகொண்டே இருக்கிறதா? பின்பக்கம், அடியை ஒட்டி ஒரு சின்ன ஓட்டை போடுங்கள். மேலே புகைபோக மட்டும் வழி இருந்து, கீழே காற்று வர வழி இல்லாததுதான் காரணம்.

கனடாவில் கத்தி வழுக்குகிறது என்றார்கள். அங்கே ருட்டபாகா வாடாமலிருக்க மெழுகு பூசி விற்கிறார்கள். வெட்டும் இடத்தில் தோலை முதலிலேயே சீவிவிடுங்கள்.

மூடி இரண்டு நாளில் சுருங்கி உள்ளே விழுந்தால் பக்கவாட்டில் மூன்று பல்குச்சி குத்தித் தாங்க வையுங்கள். முகமும் சுருங்கும், அது நல்லதுதான். 29ஆம் தேதி செதுக்கி, பிளாஸ்டிக் பையில் ஃபிரிட்ஜில் வைத்து, 31 காலையில் வெளியே எடுங்கள்.

தோண்டிய சதையை வீணாக்காதீர்கள். பாசிப்பருப்போடு கூட்டு வைக்கலாம். மஞ்சள் சதையில் இனிப்பு இருப்பதால் மிளகு கொஞ்சம் தூக்கலாகப் போடுங்கள், வேக உருளைக்கிழங்கைவிட அதிக நேரம் பிடிக்கும்.