காய்ச்சலும் பாய்ச்சலும்: குழாய் வைத்து நெல்லுக்குத் தண்ணீர் கட்டும் முறை

நட்ட நாள் முதல் அறுவடைக்குப் பத்து நாள் முன்பு வரை வயலில் தண்ணீர் பளபளவென்று நிற்க வேண்டும் என்பது பழகிப்போன கணக்கு. நெல்லுக்கு அவ்வளவு தண்ணீர் தேவையில்லை. தண்டிலும் வேரிலும் காற்றறைகள் இருப்பதால் தேங்கிய நீரை அது தாங்கிக்கொள்கிறது, களையால் தாங்க முடிவதில்லை. நிற்கும் தண்ணீரில் பெரும்பங்கு களையை அமுக்கத்தான்.

இடையிடையே வயலைக் காயவிட்டு மறுபடி தண்ணீர் கட்டினால் போதும். 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று ஊரில் சொல்வது இதைத்தான். சிக்கல் எங்கே என்றால், எவ்வளவு காய விடுவது என்பதில். மேல்மண் காய்ந்து மயிரிழை போல வெடிப்பு விட்டதும் பாய்ச்சு என்பார்கள். களிமண்ணில் அந்த வெடிப்பு சீக்கிரமே தெரியும், மணல் கலந்த மண்ணில் தெரியவே தெரியாது. கண் பார்ப்பது மேல் ஓர் அங்குலத்தை மட்டும். வேர் குடிப்பது அதற்குக் கீழே. அங்கே தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று எட்டிப் பார்க்கச் சுற்றிலும் துளையிட்ட ஒரு குழாய் போதும். பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறை இது.

குழாயில் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி 5 செ.மீ. உயரத்துக்குக் கட்ட வேண்டும் என்பது விதி. 2017-இல் 56 ஆய்வுகளின் 528 ஒப்பீடுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், இந்த 15 செ.மீ. எல்லைக்குள் நின்ற வயல்களில் விளைச்சல் குறிப்பிடும்படி குறையவில்லை, தண்ணீர்ச் செலவு ஏறக்குறைய 23 சதவீதம் குறைந்தது. எல்லை தாண்டிக் காயவிட்ட வயல்களில் விளைச்சல் 22 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. 'காயப்போட்டுப் பார்த்தேன், நெல் போச்சு' என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அளவில்லாமல் காயப்போட்டிருப்பார்.

குழாய் செய்வது

6 அங்குல (சுமார் 15 செ.மீ.) விட்டமுள்ள பிவிசி குழாய் வாங்குங்கள். 4 அங்குலமும் ஆகும், ஆனால் உள்ளே கைவிட்டுச் சேற்றை அள்ள முடியாது. 35 செ.மீ. துண்டுகளாக அறுத்தால் 6 மீட்டர் நீளக் குழாயில் 17 துண்டு கிடைக்கும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு குழாய் வாங்குவது கட்டுப்படியாகும். காசு போட மனமில்லையென்றால் கணு நீக்கிய தடித்த மூங்கில் துண்டும் இதே வேலையைச் செய்யும்.

ஒரு முனையிலிருந்து 15 செ.மீ. அளந்து சுற்றிலும் கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே துளை கூடாது. கீழே உள்ள 20 செ.மீ. முழுவதும், எல்லாப் பக்கமும், 2 செ.மீ. இடைவெளியில் 5 மி.மீ. துளைகள் வேண்டும். அப்படிப் போட்டால் ஒரு துண்டுக்கு 200-க்கு மேல் வரும். சோம்பல்பட்டு இருபது முப்பதோடு நிறுத்தினால் சேறு அடைத்து, வெளியே வயல் காய்ந்த பிறகும் குழாய்க்குள் தண்ணீர் நிற்கும். டிரில்லர் இல்லாமல் கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்துகிறவர்கள், உருகிய பிளாஸ்டிக் துளையைச் சுற்றித் தடிப்பாக நிற்பதைக் கத்தியால் சீவிவிட வேண்டும். இல்லையென்றால் சேறு முதலில் ஒட்டும் இடம் அதுதான். கடுங்களி வயலென்றால் துளைப் பகுதியை ஒரு சுற்று கொசுவலைத் துணியால் சுற்றிக் கட்டுங்கள்.

வயலில் இறக்குவது

பார்க்க வசதியாக வரப்போரம் இருக்கட்டும், ஆனால் வரப்பிலிருந்து ஒரு மீட்டராவது உள்ளே தள்ளி. வரப்பையொட்டி வைத்தால் பக்கத்து வயலின் கசிவோ வாய்க்காலின் கசிவோ குழாய்க்குள் வந்து ஏமாற்றும். மடை வாய், பள்ளம், மேடு மூன்றும் ஆகாது. வயலின் நடுத்தர மட்டம் எங்கேயோ அங்கே வையுங்கள். சமப்படுத்திய வயலில் ஏக்கருக்கு ஒன்று போதும். ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் 5 செ.மீ.க்கு மேல் ஏற்ற இறக்கம் இருந்தால் எத்தனை குழாய் வைத்தும் பயனில்லை: பள்ளம் ஊறிக் கிடக்கும்போதே மேடு வெடித்துவிடும். அந்தப் பணத்தை அடுத்த பட்டத்துக்கு (சாகுபடிப் பருவத்துக்கு) முன், நிலத்தைச் சமப்படுத்தும் லேசர் லெவலருக்குக் கொடுப்பதே மேல்.

நட்டு ஒரு வாரத்துக்குள், சேறு இளகியிருக்கும்போதே, கோடு மண்மட்டத்துக்கு வரும்வரை குழாயை நேராக அமுக்குங்கள். மேலே 15, கீழே 20. மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டலாம். சேற்றுழவுக்கு அடியில் இறுகிய படிவு ஒன்று இருக்கும். 'டக்' என்று எதிர்த்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதைக் குத்தித் துளைத்தால் வயல் தண்ணீர் அந்த ஓட்டை வழியே கீழே போய்விடும். அப்படி நின்றுபோய், மேலே 15-க்குப் பதில் 18 செ.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் அந்த 18-ஐக் குறித்துக்கொள்ளுங்கள், அளக்கும்போது வேண்டும்.

பிறகு உள்ளே இருக்கும் சேற்றை அடிவரை அள்ளி எடுங்கள். இதை விட்டுவிட்டால் குழாய் வைத்தும் வைக்காததுபோலத்தான். அள்ளி முடித்ததும் வயலில் தண்ணீர் கட்டிச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். உள்மட்டமும் வெளிமட்டமும் ஒன்றாக இருந்தால் சரி. ஒன்றாக இல்லையென்றால் துளை அடைத்திருக்கிறது, பிடுங்கிக் கழுவி மறுபடி இறக்க வேண்டும். வாயை ஒரு கொட்டாங்கச்சியால் மூடி வைத்தால் தவளையும் நத்தையும் உள்ளே குடியேறாது.

அளப்பதற்கு ஒரு குச்சி போதும். குழாயின் விளிம்பிலிருந்து 15 செ.மீ.யில் ஒரு கோடு, 25-இல் ஒன்று, 30-இல் ஒன்று. விளிம்பிலிருந்து 30 செ.மீ. கீழே தண்ணீர் தெரிந்தால் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. என்று பொருள். குழாய் 18 நீட்டியிருந்தால் 33-இல் பாருங்கள். முதல் பட்டத்தில் 25-லேயே, அதாவது மண்ணுக்குக் கீழே 10 செ.மீ. இறங்கியதுமே, கட்டத் தொடங்குவது நல்லது. உங்கள் மண் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்த பிறகு 15-க்குப் போகலாம்.

எந்த நாளில் காய்ச்சல், எந்த நாளில் பாய்ச்சல்

நட்ட பயிர் வேர் பிடித்துப் பச்சை கட்டும்வரை, பத்து முதல் பதினான்கு நாள், மெல்லிய தண்ணீர் விடாமல் நிற்கட்டும். களை அதிகம் வரும் வயலென்றால் இதை மூன்று வாரமாக நீட்டுங்கள். பிரிட்டிலாகுளோர் போன்ற களைக்கொல்லி போட்டிருந்தால் அடுத்த மூன்று நான்கு நாளைக்கு வடிக்கவே கூடாது, மருந்து தண்ணீரோடு போய்விடும். 'காயப்போட்டதால் களை வந்தது' என்ற புகாரில் பாதி, அவசரப்பட்டு முதல் வாரத்திலேயே காயப்போட்டதால் வருவது.

அதன் பிறகு தூர் கட்டும் பருவம் முழுக்கக் குழாயைப் பார்த்தே தண்ணீர். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்டால் பதில் கிடையாது. வெயிலையும் மண்ணையும் பொறுத்து ஒரு நாளிலும் இறங்கும், பத்து நாளும் ஆகும். அதனால்தான் நாட்காட்டியை விட்டுக் குழாயைப் பார்க்கச் சொல்வது.

பூக்கும்போது மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிலிருந்து பூத்து ஒரு வாரம் வரை 5 செ.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். அந்த நாட்களில் வேர் தவித்தால் கதிர் இலையுறையிலிருந்து முழுசாக வெளியே வராது, மகரந்தம் கெட்டுப் பதர் கூடும். பின்னால் எவ்வளவு தண்ணீர் கட்டினாலும் பதர் மணியாகாது. நாளைக் கண்டுபிடிக்க எளிய வழி: ரகத்தின் மொத்த வயதில் 30-ஐக் கழியுங்கள். 110 நாள் ரகமான ஆடுதுறை 43-க்கு விதைத்து 80-ஆம் நாள் வாக்கில் பூ. எனவே 73 முதல் 87-ஆம் நாள் வரை குழாயை மறந்துவிடலாம். கணக்கைக் கண்ணாலும் சரிபாருங்கள்: தண்டு உருண்டு, கதிர் உள்ளே திரளும் தொண்டைப் பருவம் தெரிந்ததும் வயலில் நீர் நிற்கும்படி கட்டத் தொடங்குங்கள்.

பால் பிடித்த பிறகு மறுபடி 15 செ.மீ. வரை இறங்க விடலாம். அறுவடைக்குப் பத்து நாள் முன்பு வடித்துவிடுங்கள்.

5 செ.மீ. என்றால் எவ்வளவு?

ஓர் ஏக்கரில் 5 செ.மீ. என்பது ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர். மோட்டார் நொடிக்கு 10 லிட்டர் இறைத்தால் ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்றுமேல் ஓட வேண்டும். காய்ந்த மண் குடிப்பதும் வாய்க்காலில் இழப்பதும் தனி. ஒரு பட்டத்தில் மூன்று நான்கு தடவை குறைந்தாலே எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். டீசல் எஞ்சின் வைத்திருப்பவருக்கு இது நேரடிப் பணம். தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் போர் மோட்டார்காரருக்குக் கையில் காசு மிஞ்சாது, கிணற்றில் தண்ணீர் மிஞ்சும். அதுவும் பக்கத்து போர்காரரும் சேர்ந்து செய்தால்தான்.

யூரியா எப்போது?

பலர் தவறும் இடம் இது. நிற்கும் தண்ணீரில் வீசினால் தழைச்சத்தில் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போகிறது. காய்ந்த மண்ணில் போட்டுவிட்டு நான்கு நாள் கழித்துத் தண்ணீர் கட்டினால், அதற்குள் அது நைட்ரேட்டாக மாறி, நீர் ஏறியதும் வாயுவாகி ஓடும். குழாயில் தண்ணீர் எல்லையைத் தொட்ட நாளில், மண் காய்ந்திருக்கும்போது யூரியாவைப் போட்டு, உடனே, அதே நாளில், தண்ணீர் கட்டுங்கள். இறங்கும் நீர் உரத்தை வேருக்குக் கொண்டுபோகும். மேலுரத் தேதி இரண்டு மூன்று நாள் முன்பின் ஆனாலும் இந்த ஒழுங்குக்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளலாம். மொத்த உர அளவை மாற்ற வேண்டாம்.

எங்கே பிசகும்

தண்ணீர் கட்டிய மறுநாளே குழாய் காலியென்றால் மண்ணைக் குறை சொல்லுமுன் வரப்பைச் சுற்றி வாருங்கள். நண்டு வளையும் எலி வளையும்தான் முதல் சந்தேகம். வரப்பின் வெளிப்பக்கம் ஈரம் கசியும் இடத்தைப் பார்த்து, உள்பக்கம் வளை வாயைத் தோண்டிக் களிமண் திணித்து மிதித்து அடையுங்கள்.

கரிசலும் கடுங்களியும் காய்ந்தால் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். அப்படி வெடித்த பின் கட்டும் தண்ணீர் வெடிப்பு வழியாகக் கீழே போய், மிச்சம் பிடித்தது அத்தனையும் ஒரே நாளில் போய்விடும். அங்கே 10 செ.மீ.யைத் தாண்டாதீர்கள்.

குலைநோய் என்ற பூஞ்சை நோய்க்கு ஆளாகும் ரகமென்றால் கவனம். காய்ந்த வயலில் அது கூடும். சாறு உறிஞ்சும் பூச்சியான புகையானுக்கு நேர்மாறு: அங்கே தண்ணீரை வடிப்பதே முதல் வைத்தியம். மணற்பாங்கான மண்ணில் வேர்முடிச்சு நூற்புழு தேங்கிய நீரில் அடங்கியிருந்து, காய்ச்சலில் தலைதூக்கும். பயிர் திட்டுத்திட்டாக மஞ்சளாகிக் குட்டையானால் ஒரு தூரைப் பிடுங்கி வேர்நுனியைப் பாருங்கள். கொக்கிபோல வளைந்து வீங்கியிருந்தால் அதுதான்.

சில இடங்களுக்கு இந்த முறை சரிவராது. கடைமடையில் உப்பு ஏறிய நிலத்தில் காயவிட்டால் உப்பு மேலே வரும். நாள் முறை வைத்து வாய்க்காலில் நீர் விடும் முறைப்பாசனத்தில், குழாய் கேட்கும் நாளில் வாய்க்கால் வராது. கையில் போர் இருந்தால் மட்டும் அங்கே துணியலாம். சம்பாவில் ஐப்பசி கார்த்திகை மழையில் குழாய் நிறைந்தே இருக்கும், செய்ய ஒன்றுமில்லை. குறுவை, நவரை, கோடைப் பட்டங்களுக்குத்தான் இது பொருந்தும்.

வயலுக்கு வெளியே என்ன பலன்

தேங்கிய நீருக்கடியில் காற்றில்லாத சேற்றில், பூமியைச் சூடாக்கும் வாயுவான மீத்தேன் உண்டாகிறது. இடையிடையே காற்றுப் பட்டால் அது அடங்கும். பருவநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. குழுவான ஐபிசிசியின் 2006 வழிகாட்டி, பலமுறை காயவிட்ட வயலுக்குத் தொடர்ந்து நீர் நின்ற வயலின் மீத்தேனில் 52 சதவீதத்தைக் கணக்கில் எடுக்கச் சொன்னது. அதேபோலச் சூடாக்கும் இன்னொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு சற்றுக் கூடும் என்பது மறுபக்கம். மேலே சொன்ன யூரியா ஒழுங்கு அதற்கும் கடிவாளம். ஆர்செனிக் உள்ள நிலத்தடி நீரால் நெல் விளையும் வங்கதேசம், மேற்கு வங்கம் போன்ற இடங்களில் இன்னொரு காரணமும் உண்டு: தேங்கிய சேற்றில்தான் ஆர்செனிக் கரைந்து வேருக்குள் ஏறுகிறது, காயவிட்டால் அரிசியில் குறைகிறது. காட்மியம் உள்ள மண்ணில் கதை தலைகீழ், அங்கே காயக் காய அது அரிசியில் கூடும். மூளைக்காய்ச்சல் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவும் நெல்வயல் நீரில்தான் வளர்கிறது. புழு கொசுவாகுமுன் வயல் காய்ந்தால் செத்துவிடும். ஆனால் ஒருவர் வயல் காய்ந்து சுற்றிலும் நீர் நின்றால் பயனில்லை. ஒரே மடையில் பாயும் வயல்கள் ஒரே நாளில் காய வேண்டும்.

பூ முடிந்ததும் குழாய் இருக்கும் இடத்தில் ஒரு கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள், கதிர் சாய்ந்தால் குழாய் கண்ணுக்குத் தெரியாது. கடைசியாக வடிக்கும் அன்று, மண் இளக்கமாக இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும். விட்டுவிட்டால் மண் இறுகி வராது, அறுவடை இயந்திரத்தின் சக்கரத்தடியில் நொறுங்கும். பிடுங்கிய குழாயைச் சேறு காயுமுன் தண்ணீரில் அலசி, ஒவ்வொரு துளையிலும் குச்சி விட்டு, நிழலில் வையுங்கள். வெயிலில் கிடந்த பிவிசி அடுத்த பட்டத்தில் தட்டும்போதே வெடிக்கும்.