லவெலின் என்ற பெயர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேல்ஸ் நாட்டு ஆண் பெயர்களில் கம்பீரமானது லவெலின் (Llywelyn). குழந்தைப் பெயர்ப் பட்டியல்களில் இதற்கு நேரே ‘சிங்கம் போன்றவன்’ என்று போட்டிருக்கும். அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். வெல்ஷ் மொழியில் சிங்கத்துக்குரிய சொல் இந்தப் பெயரின் தொடக்கத்தோடு ஒலியில் ஒத்துப்போகிறது. அதனால் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட விளக்கம் அது. லூகுஸ், பெலினுஸ் என்ற பழைய கெல்ட் தெய்வப் பெயர்கள் இரண்டும் சேர்ந்து பிறந்த பெயர் என்பதே ஆய்வாளர்கள் பெரிதும் ஏற்கும் கருத்து. முதல் அசையை ‘லெ’ (Llewelyn) என்று எழுதும் வழக்கமும் அந்தச் சிங்கத்தால் வந்ததுதான்.

அடுத்தது உச்சரிப்பு. தொடக்கத்தில் வரும் இரட்டை எல்லுக்கு நம் ல, ள, ழ எதுவும் ஈடாகாது. ழகரம்தான் என்று சாதிப்பதும் தவறு. ‘ல’ சொல்லும் இடத்திலேயே நாக்கு நுனியை வைத்து, குரல் எழுப்பாமல், நாக்கின் ஓரங்கள் வழியாகக் காற்றை மட்டும் ஊதிப் பாருங்கள். சீறல் மாதிரி ஒன்று வரும். அதுதான் அந்த ஒலி. ஆங்கிலேயர்களுக்கும் இது வசப்படவில்லை: ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்தில் வரும் ஃப்ளூயெலன் இதே பெயர்தான். அப்புறம், பெயரின் பிற்பகுதியில் வருவது ஒற்றை எல். அதையும் இரட்டித்தால் வெல்ஷ் வாசிப்பில் சீறல் இரண்டு முறை வந்துவிடும்.

வரலாற்றில் தாத்தாவையும் பேரனையும் ஒருவராக்கிவிடுகிறார்கள். ‘மகா லவெலின்’ 1240இல் இறந்தவர், வட வேல்ஸில் இருந்த குவினெத் நாட்டின் அரசர். 1282 டிசம்பர் 11 அன்று கில்மெரி அருகே கொல்லப்பட்டவர் அவருடைய பேரன் லவெலின் அப் கிரிஃபித். இதில் ‘அப்’ என்றால் ‘மகன்’. கிரிஃபித் தகப்பனார் பெயர், குடும்பப் பெயர் அல்ல.

குழந்தையை ஓநாயிடமிருந்து காப்பாற்றிய கெலர்ட் என்ற நாயை, அதன் வாயிலிருந்த ரத்தத்தைப் பார்த்து அவசரப்பட்டு மகா லவெலின் கொன்ற கதையையும் வரலாறாகச் சொல்லாதீர்கள். பெத்கெலர்ட் ஊரில் காட்டப்படும் நாயின் சமாதி 18ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்டது. கதையோ பல நாடுகளில் உலவுவது. நம் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் நாய்க்குப் பதில் கீரிப்பிள்ளை, லவெலினுக்குப் பதில் ஒரு பார்ப்பனப் பெண்.