மிரர்குளோனில் எது எந்தப் பக்கம்?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கஞ்சிக்கோட்டுக்குத் தினமும் பஸ்ஸில் போய் ஒரு தொழிற்சாலையின் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே ஹெச்பி இவிஏ ஸ்டோரேஜ் ஒன்று, அதாவது நிறைய டிஸ்க்குகள் அடங்கிய சேமிப்புப் பெட்டி, இன்னும் ஓடுகிறது. அதில் ஒரு டிஸ்க்குக்கு அதே பெட்டிக்குள் எப்போதும் ஒத்துப்போகும் நகல் வைக்கும் வசதிதான் மிரர்குளோன். என்னிடம் வேலை பழகும் பையன் போன வாரம் கேட்டான்: "அண்ணா, மிரர்குளோன் போட்டாச்சு, சிங்க்கும் ஆயிடுச்சு. இனிப் பேக்கப் வேண்டாம்தானே?" அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சிங்க்கில், அதாவது மூலத்தோடு ஒத்து ஓடிக்கொண்டு, இருக்கும் நகல் பேக்கப் ஆகாது. மூல டிஸ்க்கில் எழுதுவதெல்லாம் நகலிலும் எழுதப்படும். மதியம் யாராவது தவறி ஒரு டேபிளை அழித்தால் நகலிலும் அது போய்விடும். பிரித்து வைத்த நகல்தான் பின்னால் கைகொடுக்கும். அதுவும் அதே பெட்டிக்குள்தானே இருக்கிறது, அதனால் டேப்புக்கு ஒரு பிரதி போயே ஆக வேண்டும்.

முதலில் மூல டிஸ்க்கின் அதே அளவில் ஒரு காலி கன்டெய்னரை, அதாவது நகலுக்கென ஒதுக்கிய வெற்று இடத்தை, உருவாக்குங்கள். இடம் இருந்தால் வேறு டிஸ்க் குரூப்பில் (பெட்டிக்குள் தனியாகப் பிரித்த டிஸ்க் தொகுப்பில்) வையுங்கள். ஒரு குரூப் போனாலும் மற்றது நிற்கும். அப்புறம் அதை மிரர்குளோனாக இணையுங்கள். முதல் தடவை முழுதாகக் காப்பி ஆகும், டிஸ்க்குகளுக்கு வேலை அதிகம். நாங்கள் இதை இரவு ஷிஃப்டில்தான் தொடங்குவோம்.

அடுத்தது பிரிப்பது, ஸ்கிரீனில் ஃபிராக்சர் என்று இருக்கும். இதில் நான் சூடு பட்டிருக்கிறேன். எங்கள் பில்லிங் டேட்டாபேஸின் டேட்டா ஒரு டிஸ்க்கில், மாற்றங்களை வரிசையாகப் பதியும் லாக் இன்னொரு டிஸ்க்கில். ஒரு மாதக் கடைசியில் டேட்டாபேஸை நிறுத்தாமலே ஒன்றைப் பிரித்தேன். சில நொடி கழித்து அடுத்ததைப் பிரித்தேன். அந்த இடைவெளியிலும் பில் விழுந்துகொண்டே இருந்தது. விடிந்ததும் நகலை ஏற்றினால் டேட்டாவும் லாக்கும் ஒட்டவே இல்லை, டேட்டாபேஸ் எழவில்லை. ஆகவே முதலில் டேட்டாபேஸை நிறுத்துங்கள். பிறகு சர்வரில் ஃபைல் சிஸ்டத்தை அன்மவுண்ட் செய்யுங்கள், அதாவது சர்வரின் பயன்பாட்டிலிருந்து கழற்றுங்கள். மெமரியில் தங்கியிருப்பது அப்போதுதான் டிஸ்க்குக்கு இறங்கும். அதன்பின் இரண்டையும் பிரியுங்கள். பிரிந்ததும் டேட்டாபேஸை மறுபடி ஓடவிடலாம்.

பிரித்த நகலை வேறு சர்வருக்குக் காட்டுங்கள். அதே சர்வரில் ஏற்றினால் இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே அடையாளம் இருக்கும். விண்டோஸ் அதை ஆஃப்லைனில் வைத்துவிடும், லினக்ஸில் எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் மவுண்ட் ஆக மறுக்கும்.

இனி, திரும்பச் சேர்ப்பது. இரண்டு கட்டளைகள் உண்டு. ரீசிங்க் என்றால் மூலத்திலிருந்து நகலுக்கு; பிரிந்த பின் மாறியவை மட்டும் போகும், அதனால் சீக்கிரம் முடியும். ரெஸ்டோர் என்றால் நகலிலிருந்து மூலத்துக்கு. மூலம் கெட்டுப்போன பதற்றத்தில் ரீசிங்க்கை அழுத்தினால், கையில் இருந்த ஒரே நல்ல நகலின் மேல் கெட்டது ஏறிவிடும். இதற்காகவே மானிட்டரின் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறோம்: 'ரீசிங்க்: மூலம் → நகல். ரெஸ்டோர்: நகல் → மூலம்.' பட்டனை அழுத்தும் முன் பையன் அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும், நான் பக்கத்தில் நின்று கேட்பேன். ரெஸ்டோருக்கு முன் இரண்டு டிஸ்க்கையும் சர்வர்களிலிருந்து அன்மவுண்ட் செய்திருக்க வேண்டும்.

நகலைத் தனி டிஸ்க்காகவே வைத்துக்கொள்ள விரும்பினால், பிரித்த பின் டிடாச் செய்யுங்கள், மூலத்தோடு உள்ள தொடர்பு அறுந்துவிடும். ஆனால் அதன்பிறகு ரீசிங்க் கிடையாது. மறுபடி வேண்டுமென்றால் புதிய கன்டெய்னர், முழுக் காப்பி, இன்னொரு இரவு ஷிஃப்ட்.