லாஸ் ஏஞ்சலஸில் ரூம் போடும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விமான டிக்கெட், அடுத்து மலிவாகக் கிடைத்த ஹோட்டல், கடைசியாகப் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல். பெரும்பாலானோர் லாஸ் ஏஞ்சலஸ் பயணத்துக்கு இந்த வரிசையில்தான் ஏற்பாடு செய்கிறார்கள். இந்த ஊருக்கு வரிசையை மாற்ற வேண்டும். எங்கெங்கே போகப் போகிறோம் என்று முடிவானபின்தான் எங்கே தங்குவது என்ற கேள்விக்கே வர வேண்டும்.

காரணம் ஊரின் பரப்பு. லாஸ் ஏஞ்சலஸ் மாநகரம் மட்டுமே சுமார் 1,300 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டரோடு ஒப்பிட்டால் மூன்று மடங்கு. சான்டா மோனிகா, பெவர்லி ஹில்ஸ், கல்வர் சிட்டி எல்லாம் இந்தக் கணக்கில் சேராத தனி நகரங்கள். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) இப்படி மொத்தம் 88 நகரங்கள் உண்டு. டிஸ்னிலாண்ட் இருக்கும் அனஹைம் இந்தக் கவுன்டியிலேயே இல்லை, பக்கத்து ஆரஞ்சு கவுன்டியில் இருக்கிறது.

நடு ஊரில் தங்கினால் போதும் என்று நினைப்பது

நம் ஊர்களில் ரயில் நிலையத்துக்கோ பேருந்து நிலையத்துக்கோ பக்கத்தில் அறை எடுத்தால் எங்கே போகவும் வசதி. அதே பழக்கத்தில் இங்கே டவுன்டவுனில் அறை எடுக்கிறார்கள். டவுன்டவுன் அடிப்படையில் அலுவலகப் பகுதி. கடற்கரை அங்கிருந்து மேற்கே 15 மைல், அதாவது சுமார் 24 கிலோமீட்டர். டிஸ்னிலாண்ட் தென்கிழக்கே 26 மைல் அளவில் இருக்கிறது. ஹாலிவுட்டும் யுனிவர்சல் ஸ்டுடியோவும் வடமேற்கே.

ஆனாலும் கார் எடுக்காமல் சுற்ற நினைப்பவருக்கு டவுன்டவுன்தான் சரியான இடம், ஏனென்றால் மெட்ரோ ரயில் பாதைகள் அங்கேதான் கூடுகின்றன. அப்படித் தங்குவதானால் ‘செவன்த் ஸ்ட்ரீட் மெட்ரோ சென்டர்’ நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் அறை பாருங்கள். மலிவு விலையைப் பார்த்து மெயின் தெருவைத் தாண்டிக் கிழக்கே போய்விட வேண்டாம். 3ஆம் தெருவுக்கும் 7ஆம் தெருவுக்கும் இடையே, அலமீடா தெரு வரை நீளும் பகுதிக்கு ஸ்கிட் ரோ என்று பெயர். வீடில்லாத ஆயிரக்கணக்கானோர் அங்கே நடைபாதையில் கூடாரம் போட்டு வாழ்கிறார்கள். இரவில் குழந்தைகளோடும் பெட்டிகளோடும் நடக்க ஏற்ற இடம் அல்ல.

ஹோட்டலின் பெயரை நம்புவது

பெயரில் ‘ஹாலிவுட்’ இருந்தால் ஹாலிவுட்டில் இருக்கும் என்று அர்த்தமில்லை. வெஸ்ட் ஹாலிவுட் தனி நகரம். அங்கே மெட்ரோ ரயில் கிடையாது. நார்த் ஹாலிவுட் மலைக்கு அந்தப் பக்கம், சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாந்து நார்த் ஹாலிவுட்டுக்குப் போனவர்கள் ஒருவகையில் பிழைத்தார்கள்: அங்கிருந்து பி லைன் ரயிலில் அடுத்த நிலையமே யுனிவர்சல் சிட்டி, அதற்கடுத்தது ஹாலிவுட்.

நட்சத்திரங்கள் பதித்த நடைபாதையைப் பார்க்க இரண்டு மணி நேரம் போதும். அதற்காக ஹாலிவுட் புலவாரில் (புலவார் என்றால் அகன்ற சாலை) நான்கு இரவு தங்குவது வீண் என்பது எங்கள் கருத்து. கூட்டமும் இரைச்சலும் அங்கே நள்ளிரவு வரை அடங்காது.

‘ஏர்போர்ட்’ என்ற பெயரில் செஞ்சுரி புலவாரில் வரிசையாக நிற்கும் ஹோட்டல்கள் விலை குறைவானவை. வந்த இரவுக்கோ கிளம்பும் முந்தின இரவுக்கோ அவை நல்ல தேர்வு. பயணம் முழுக்க அங்கே தங்கினால் நடந்து போய்ப் பார்க்க ஒன்றுமில்லை, தினமும் நெரிசலுக்குள்தான் புறப்பட வேண்டியிருக்கும். பக்கத்து இங்கில்வுட்டில் சோஃபை ஸ்டேடியம் இருப்பதால் போட்டியோ பெரிய கச்சேரியோ உள்ள நாட்களில் இங்கே அறை விலை எகிறும். தேதியை முடிவு செய்யும் முன் ஸ்டேடியத்தின் நிகழ்ச்சி அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.

அறை விலையை மட்டும் ஒப்பிடுவது

பணம் அதிகம் போவது இந்தத் தவறில்தான். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஹோட்டல் வரி 14 சதவீதம். சான்டா மோனிகாவிலும் அனஹைமிலும் 15. 2025 மே முதல் அமெரிக்காவில் ஹோட்டல்கள் ‘ரிசார்ட் ஃபீ’, ‘டெஸ்டினேஷன் ஃபீ’ போன்ற கட்டாயக் கட்டணங்களை முதலில் காட்டும் விலையிலேயே சேர்க்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. அரசு வரியும் பார்க்கிங்கும் அதில் அடங்காமல் இருக்கலாம். கார் வைத்திருப்பவருக்குக் கையைக் கடிப்பது பார்க்கிங்தான். டவுன்டவுனிலும் கடற்கரைப் பகுதியிலும் ஓர் இரவுக்கு 40 முதல் 60 டாலர் கேட்பது சாதாரணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டவுன்டவுனில் அறை 160 டாலர். வரி 22.40. பார்க்கிங் 50, அதன் மேல் நகரத்தின் பார்க்கிங் வரி 10 சதவீதம், ஆக 55. மொத்தம் 237.40. இன்னோர் இடத்தில் இலவச பார்க்கிங் உள்ள மோட்டல் 190 டாலர், வரி 14 சதவீதம் என்றால் மொத்தம் 216.60. இணையதளத்தில் 30 டாலர் கூடுதலாகத் தெரிந்தது, கையிலிருந்து போகும்போது 21 டாலர் குறைவு.

பார்க்கிங் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. வேலட் மட்டுமா, நாமே நிறுத்தலாமா? நாளில் பலமுறை வெளியே போய் வந்தாலும் ஒரே கட்டணம்தானா? இந்த இரண்டையும் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். செக்‑இன் நேரத்தில் முன்பணமாக ஒரு தொகையை அட்டையில் நிறுத்தி வைப்பார்கள். டெபிட் அட்டையோ ஃபாரெக்ஸ் அட்டையோ கொடுத்தால் அந்தப் பணம் விடுபடப் பல நாட்கள் ஆகும், கைச்செலவுக்குத் திண்டாட வேண்டிவரும். இதற்குக் கிரெடிட் கார்டுதான் சரி.

மைலைப் பார்த்து நேரத்தைக் கணிப்பது

ஊரிலிருந்து மதியம் 2 மணிக்கு உட்கார்ந்து கூகுள் மேப்ஸில் தூரம் பார்க்கிறோம். அப்போது லாஸ் ஏஞ்சலஸில் கோடையில் நள்ளிரவு 1.30 மணி. சாலை காலி. விமான நிலையத்திலிருந்து அனஹைம் வரை 35 மைலுக்கு 40 நிமிடம் என்று அது காட்டும், நாமும் நம்பிவிடுவோம். அதே தூரத்துக்கு மாலை 5 மணிக்கு ஒன்றரை மணி நேரமும் ஆகலாம், இரண்டும் ஆகலாம். சான்டா மோனிகாவிலிருந்து ஹாலிவுட் 13 மைல்தான். அதுவே மாலையில் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும்.

மேப்ஸில் புறப்படும் நேரம் என்ற இடத்தைத் தட்டி, உள்ளூர் நேரப்படி ஒரு வேலை நாளைக் கொடுங்கள். ‘45 நிமிடம் முதல் 1 மணி 30 நிமிடம்’ என்பதுபோல் காட்டும். பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். வேலை நாட்களில் காலை 7 முதல் 10, பிற்பகல் 3 முதல் 7 நெரிசல் நேரம். 405 ஃப்ரீவேயில் செபுல்வெடா கணவாய்ப் பகுதி காலையில் தெற்கு நோக்கியும் மாலையில் வடக்கு நோக்கியும் திணறும். பள்ளத்தாக்கில் தங்கிக் கடற்கரைக்குப் போய் வருகிறவர் இரண்டு வேளையும் அந்த ஓட்டத்தில்தான் மாட்டுவார்.

ஆகவே ஒரு நாளுக்கு ஒரு திசை. சான்டா மோனிகா, வெனிஸ் கடற்கரை, கெட்டி சென்டர் கலை அருங்காட்சியகம் மேற்குப் பக்கம், இவை ஒரு நாள். ஹாலிவுட், கிரிஃபித் வானாய்வகம் இன்னொரு நாள். கெட்டியும் கிரிஃபித்தும் திங்கட்கிழமை விடுமுறை. கிரிஃபித் வார நாட்களில் மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும். இரண்டுக்கும் நுழைவு இலவசம், கார் நிறுத்தப் பணம் உண்டு.

எல்லா இரவும் ஒரே ஹோட்டலில்

பெட்டியை மறுபடி கட்டச் சோம்பல்பட்டு ஆறு இரவும் ஒரே இடத்தில் தங்கி, டிஸ்னிலாண்டுக்கு இரண்டு நாள் போய் வருகிறார்கள். பூங்கா திறக்கும் நேரத்துக்குள் போய்ச் சேரக் காலை நெரிசலில் கிளம்ப வேண்டும், இரவு வாணவேடிக்கை முடிந்து தூங்கி வழியும் பிள்ளைகளோடு திரும்ப வேண்டும். இதைவிட நான்கு இரவு மேற்கிலோ ஹாலிவுட் பக்கமோ, இரண்டு இரவு அனஹைமில் பூங்காவுக்கு நடந்து போகும் தூரத்திலோ என்று பிரிப்பது நல்லது. ஹார்பர் புலவாரில் அப்படி நிறைய மோட்டல்கள் உண்டு. இடம் மாறும் நாளில் காலை 10 மணிக்குமேல் கிளம்புங்கள். செக்‑இன் 3 அல்லது 4 மணிக்குத்தான். முன்னதாகப் போய்ப் பெட்டிகளை வரவேற்பில் வைத்துவிட்டுச் சுற்றலாம். காருக்குள் பெட்டி தெரியும்படி விட்டுச் செல்லவே கூடாது. கண்ணாடியை உடைத்து எடுப்பது இங்கே அடிக்கடி நடப்பது.

நம்மவர்கள் பலருடைய பட்டியலில் மலிபு கோவிலும் ஆர்ட்டீசியாவும் இருக்கும். பெருமாள் கோவிலின் பெயரில் மலிபு இருந்தாலும் அது இருப்பது கலபசஸில், மலைக்குள். 101 ஃப்ரீவேயில் லாஸ் விர்ஜினஸ் சாலையில் இறங்க வேண்டும். இந்தியக் கடைகளும் சைவ உணவகங்களும் நிறைந்த பயனியர் புலவார் இருக்கும் ஆர்ட்டீசியாவோ தென்கிழக்கில் இருக்கிறது. தரிசனம் முடித்து மதியச் சாப்பாட்டுக்கு ஆர்ட்டீசியா என்று திட்டமிட்டால் ஊரை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குறுக்கே கடக்க வேண்டும். கோவிலை மேற்குப் பக்க நாளிலும், ஆர்ட்டீசியாவை அனஹைம் போகும் வழியிலும் வையுங்கள்.

இறங்கியதும் கார் எடுப்பது

இருபது மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து, தூக்கக் கலக்கத்தில், பழக்கமில்லாத வலப்பக்க ஓட்டத்தில், ஐந்து தடங்கள் உள்ள ஃப்ரீவேயில் ஏறுவது ஆபத்து. முதல் நாள் ஊபரிலோ டாக்சியிலோ போய்ப் படுங்கள். ஊபர், லிஃப்ட், டாக்சி மூன்றும் பெரும்பாலும் டெர்மினல் வாசலுக்கு வராது. 1ஆம் டெர்மினலுக்குக் கிழக்கே ‘எல்.ஏ.எக்ஸ்‑இட்’ என்ற இடத்துக்குப் பச்சை நிறப் பேருந்தில் போய் ஏற வேண்டும். மறுநாள் ஹோட்டலுக்குப் பக்கத்துக் கிளையில் கார் எடுக்கலாம். ஆனால் ஊருக்குள் இருக்கும் கிளைகள் மாலையில் சீக்கிரம் மூடும், பல ஞாயிறன்று திறப்பதே இல்லை.

வாடகை ஒப்பந்தத்தில் காரின் சேதத்துக்கான காப்பீடு வேறு, நம்மால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கான காப்பீடு வேறு. இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். மருத்துவச் செலவு மிகுந்த நாடு இது. கலிஃபோர்னியாவில் 8 வயதுக்குட்பட்ட குழந்தை, 4 அடி 9 அங்குலத்தைத் தாண்டாதவரை, பின் இருக்கையில் குழந்தை இருக்கையிலோ பூஸ்டரிலோதான் உட்கார வேண்டும். 2 வயதுக்குட்பட்டது பின்னோக்கிய இருக்கையில். ஊபரிலும் இதே சட்டம்தான், ஓட்டுநர் இருக்கை கொண்டு வரமாட்டார். மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணிப் போகாதீர்கள்.

பெட்ரோல் போடுவதை அங்கே ‘கேஸ்’ போடுவது என்பார்கள். பம்பில் அட்டையைச் செருகினால் ஜிப் கோடு (அமெரிக்க அஞ்சல் குறியீட்டு எண்) கேட்கும். இந்திய அட்டை அங்கே தடுமாறும். உள்ளே போய் பம்ப் எண்ணைச் சொல்லி ‘40 டாலருக்கு’ என்று முன்பணம் கட்டினால் வேலை முடிந்தது. சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பலாம், ஆனால் முழுக்க நின்ற பிறகு. கூடாது என்று பலகை இருந்தால் கூடாது. வைர வடிவக் குறி போட்ட கார்பூல் தடத்தில் பெரும்பாலும் இருவராவது இருக்க வேண்டும். தனியாக ஓட்டினால் அபராதம் குறைந்தது 490 டாலர். இரட்டைக் கோட்டைத் தாண்டி அந்தத் தடத்துக்குள் நுழைவதும் வெளியேறுவதும் குற்றம். 110, 10 ஃப்ரீவேகளின் ‘எக்ஸ்பிரஸ் லேன்’களில் டோல் உண்டு, நின்று கட்டச் சாவடி கிடையாது. தெரியாமல் நுழைந்தால் டோலோடு வாடகை நிறுவனத்தின் சேவைக் கட்டணமும் சேர்ந்து பில் வரும்.

தெருவில் நிறுத்தும்போது ஒரே கம்பத்தில் மூன்று நான்கு பலகைகள் தொங்கும். மேலிருந்து கீழாக எல்லாவற்றையும் படியுங்கள், ஒன்று அனுமதித்தாலும் இன்னொன்று தடுத்தால் தடைதான். தெரு கூட்டும் நாளும் நேரமும், மாலை நெரிசலில் இழுத்துச் செல்லும் நேரமும் அதில்தான் இருக்கும். ஓரக்கல் சிவப்பானால் நிற்கவே கூடாது, வெள்ளை ஆள் ஏற்றி இறக்க, மஞ்சள் சரக்கு இறக்க, பச்சை குறுகிய நேரத்துக்கு, நீலம் மாற்றுத்திறனாளிகளுக்கு. சாலை கடக்கும் இடத்தை நெருங்கும் பக்கத்தில் 20 அடிக்குள் நிறுத்தினாலும், ஓரக்கல்லில் நிறமே இல்லாவிட்டாலும், அபராதச் சீட்டு உண்டு.

ரயிலே இல்லை என்று முடிவு கட்டுவது

யுனிவர்சலுக்கு பி லைன் போகிறது, நிலையத்திலிருந்து இலவச வண்டி மேலே ஏற்றிவிடும். சான்டா மோனிகாவுக்கு டவுன்டவுனிலிருந்து ஈ லைனில் 50 நிமிடம், கடற்கரைப் பாலத்துக்குச் சிறு நடை. பயணத்துக்கு 1.75 டாலர். மெட்ரோ பயணத்துக்கான ‘டாப்’ அட்டை 2 டாலர். ஒரு நாளில் 5 டாலருக்கு மேலோ ஏழு நாளில் 18 டாலருக்கு மேலோ பிடிக்காது. இந்த வரம்பு அட்டைக்கு அட்டை தனி என்பதால் ஆளுக்கொரு அட்டை வேண்டும். 2025 ஜூனில் விமான நிலையத்துக்கும் மெட்ரோ நிலையம் வந்துவிட்டது, டெர்மினல்களிலிருந்து இலவசப் பேருந்து ஓடுகிறது. பெரிய பெட்டிகளோடு டவுன்டவுனில் உள்ள யூனியன் ஸ்டேஷன் ரயில் நிலையத்துக்குப் போகிறவர்களுக்கு விமான நிலையத்தின் ‘ஃப்ளைஅவே’ பேருந்து இன்னும் எளிது.

ஊருக்குத் திரும்பும் நாளில் வாடகைக் காரை ஒப்படைக்கும் இடம் டெர்மினலில் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். பெட்ரோலை விமான நிலையத்துக்குச் சில மைல் முன்பே நிரப்பிவிடுங்கள், பக்கத்தில் விலை அதிகம். காரை விட்டு, ஷட்டில் ஏறி, குதிரைலாட வடிவில் வளைந்து போகும் டெர்மினல் சாலையில் ஊர்ந்து போய் டாம் பிராட்லி சர்வதேச டெர்மினலில் இறங்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பன்னாட்டு விமானத்துக்கு வேண்டிய மூன்று மணி நேரத்தை அதற்குப் பிறகுதான் கணக்கிட வேண்டும்.