20-ம் தேதிக்கு மறுநாள்

விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், அப்புறம் தூக்கம் கிடையாது. பகலில் ஒரே பில்லை எத்தனை தடவை பார்த்தாலும் மண்டையில் ஏறாது. செங்கோட்டையில் கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பது என் தொழில்.

மாலைக் காபியை நிறுத்தினேன், பலன் இல்லை. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை, தைராய்டு எல்லாம் சரி. ஞாயிறுதோறும் குற்றாலத்தில் குளித்தேன். உடம்பு குளிர்ந்தது, மனசு ஆறவில்லை.

சிக்கல் ஞாயிற்றுக்கிழமையில்தான் இருந்தது. கடைக்காரர்களுக்கு அன்றுதான் ஓய்வு, அன்றுதான் எனக்குப் போன் போடுவார்கள். மாதாமாதம் 11-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரம், 20-ம் தேதிக்குள் 3பி என்ற வரிக் கணக்கு தாக்கல் செய்யவேண்டும். இவை முடியாமல் எடுக்கும் விடுப்பு விடுப்பே அல்ல. 20-க்கு மறுநாள், எந்தக் கிழமையானாலும், போன் ஓய்ந்துவிடும்.

அந்த நாளைப் பிடித்துக்கொண்டேன். புளியரை வழியாகப் பஸ்ஸில் ஆரியங்காவு தாண்டி, கேரளத்துக் கழுதுருட்டியில் இறங்கி, பதிமூன்று கண் ரயில் பாலத்தருகே சும்மா உட்கார்ந்துவிடுவேன். பாலத்தின்மேல் போவது 1904-ல் வந்த ரயில் பாதை. 2018-ல் அகலப்பாதையாகத் திரும்பவும் ஓடத் தொடங்கியது. ஒரு ரயில் போவதைப் பார்ப்பேன், கட்டன் சாயா குடிப்பேன். தென்மலை அணை, படகு என்று பட்டியல் போட்டால் அதுவும் ஒரு வேலையாகிவிடும்.

இப்போது விடியும்வரை தூங்குகிறேன். பெரிய நிம்மதி.

ஆனி, ஆடியில் போனால் நல்ல குடையாக எடுத்துக்கொள்ளுங்கள். செங்கோட்டையில் சாரலாக இருப்பது மலைக்கு அந்தப் பக்கம் கொட்டும்.