நீண்ட பயணத்தின் நடுவே யார்க்: எதைப் பார்ப்பது, எதை விடுவது

மாதக்கணக்கில் ஊர் சுற்றுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் ஒரு சலிப்பு வந்துவிடும். எந்தத் தேவாலயத்துக்குள் நுழைந்தாலும் போன வாரம் பார்த்தது மாதிரியே இருக்கும், அருங்காட்சியகத்தில் மூன்றாவது அறையிலேயே உட்கார இடம் தேடுவோம். அந்த நிலையில்தான் நான் வட இங்கிலாந்தில் இருக்கும் யார்க்கில் போய் இறங்கினேன். இரண்டு நாள் விடுமுறையில் வருகிறவர்களுக்கு எழுதிய திட்டத்தைப் பார்த்து ஓடினால் இந்த ஊர் நம்மைக் கசக்கிப் பிழிந்துவிடும். மூன்று அல்லது நான்கு இரவு தங்குங்கள், ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம் போதும், காசு கொடுத்துப் பார்ப்பது மொத்தமாகவே ஒன்றிரண்டு இருந்தால் போதும். மிச்சமெல்லாம் நடைதான், நடைக்கு இங்கே டிக்கெட் கிடையாது.

முதலில் கிழமையைச் சரியாகப் பிடியுங்கள். ஞாயிறு மாலை வந்து புதன் அல்லது வியாழன் கிளம்புவது நல்லது. வெள்ளி, சனியில் கல்யாணத்துக்கு முந்தைய கொண்டாட்டம் என்று கும்பல் கும்பலாக வந்து இறங்குவார்கள், அறை வாடகையும் ஏறிவிடும். ஆகஸ்டில் குதிரைப் பந்தய வாரம், டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தை, இரண்டும் நம் பட்ஜெட்டுக்கு ஆகாது. லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து வேகமான ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் விலை நன்றாகக் குறையும், கிளம்பும் அன்று வாங்கினால் கண்ணில் தண்ணீர் வரும். நேரம் நிறைய இருக்கிறவர்கள் பேருந்தைப் பாருங்கள், மெதுவாகப் போனாலும் மலிவு.

வந்ததும் ஊரின் பெயர்க் குழப்பத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே தெருவுக்கு 'கேட்' என்று பெயர், வாசலுக்கு 'பார்' என்று பெயர், பாருக்குப் போக வேண்டுமென்றால் 'பப்' என்று கேட்க வேண்டும் என்று ஊர்க்காரர்களே கிண்டலாகச் சொல்வார்கள். 866இல் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வைக்கிங்குகள் வந்து ஊரைப் பிடித்தார்கள், அவர்கள் மொழியில் 'காட்டா' என்றால் தெரு, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவர்களுக்கு முன்னால், கி.பி. 71இல், ரோமர்கள் போட்ட கோட்டைதான் இந்த ஊருக்கே அடித்தளம். 306இல் கான்ஸ்டன்டைனைப் படைவீரர்கள் பேரரசராக அறிவித்ததும் இங்கேதான், பெரிய தேவாலயத்துக்கு வெளியே அவர் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் சிலை இருக்கிறது.

சரி, நடை. நகரத்து மதில் சுமார் 3.4 கிலோமீட்டர், மேலேறி நடக்க இலவசம், காலையில் திறந்து இருட்டும் நேரத்தில் மூடுவார்கள். முழுச் சுற்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். ஒரே ஒரு துண்டுதான் நடக்க முடியும் என்றால் பூத்தம் பாரிலிருந்து மங்க் பார் வரை நடங்கள். ஒரு பக்கம் தேவாலயத்தின் கோபுரங்கள், கீழே யாரோ வீட்டுத் தோட்டம், துணிக்கொடி வரை தெரியும். காலையில் திறந்த உடனே போனால் உங்களைத் தவிர ஆள் இருக்காது. சில இடங்களில் உள்பக்கம் கைப்பிடி கிடையாது, மழை பெய்தால் கல் வழுக்கும், பழைய ஷூ போட்டிருப்பவர்கள் பார்த்து நடங்கள். கிழக்கே ஓரிடத்தில் மதில் திடீரென்று காணாமல் போகும். இடிந்து போனதில்லை, அங்கே அந்தக் காலத்தில் நீர் தேங்கிய சதுப்பு இருந்தது, அதுவே காவலாக இருந்ததால் சுவரே கட்டவில்லை.

காசு கொடுத்துப் பார்க்க வேண்டியது யார்க் மின்ஸ்டர், மேலே சொன்ன பெரிய தேவாலயம்தான். இப்போது நிற்கும் கட்டடத்துக்கு 1220 வாக்கில் வேலை தொடங்கி 1472இல்தான் முடிந்தது. உள்ளே போனதும் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே சுற்றுவார்கள், நீங்கள் நேராகக் கிழக்குக் கோடிக்குப் போய் உட்காருங்கள். அங்கிருக்கும் பெரிய கண்ணாடிச் சாளரம் கிட்டத்தட்ட ஒரு டென்னிஸ் மைதானம் அளவு, ஜான் தோர்ன்டன் என்ற கலைஞரின் பட்டறை 1405 முதல் 1408க்குள் செய்து முடித்தது. மேலே உலகம் படைக்கப்பட்ட கதை, கீழே உலகம் அழியும் கதை. வெறும் கண்ணுக்கு நிறம் மட்டும்தான் தெரியும். சின்ன பைனாகுலர் இருந்தால், இல்லாவிட்டால் போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால், பல தலைகளோடு ஒரு மிருகம், வாளேந்திய தேவதைகள் என்று ஒவ்வொரு கட்டமாகப் பிரிந்து வரும். எனக்கு ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை, சலிப்பு விட்டதும் அங்கேதான். கோபுரம் ஏற தனியாகக் காசு, 275 படி, முட்டி ஒத்துழைத்தால் ஏறுங்கள்.

டிக்கெட் எடுக்க மனசில்லையா? மாலை வழிபாட்டுக்குப் போங்கள், ஈவன்சாங் என்பார்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. எந்த மதத்தவர் என்று யாரும் கேட்க மாட்டார்கள். நேரத்தை வாசல் பலகையில் பார்த்துக்கொண்டு கொஞ்சம் முன்னதாகப் போனால் நல்லது. ஆனால் அது வழிபாடு, போட்டோ எடுக்காதீர்கள், பாதியில் எழுந்தும் போகாதீர்கள்.

ஷாம்பிள்ஸ் தெருவைப் பகலில் பார்க்கவே பார்க்காதீர்கள், முதுகுகள்தான் தெரியும். காலை எட்டுக்கு முன் போங்கள். அந்தக் காலத்தில் கறிக்கடைக்காரர்களின் தெரு அது. சில கடைகளின் வெளியே கறி தொங்கவிட்ட இரும்புக் கொக்கிகளும், சன்னலுக்குக் கீழே இறைச்சியைப் பரப்பி வைத்த அகலமான மரப்பலகையும் இன்னும் இருக்கின்றன. மாடிகள் தெருவை நோக்கிப் பிதுங்கி நிற்பதால் வானம் ஒரு கீற்றாகத்தான் தெரியும்.

மேட்டின் மேல் நிற்கும் பழைய கோட்டைக் கோபுரமான கிளிஃபர்ட்ஸ் டவரில் படம் எடுத்துக்கொள்ளும் முன் ஒன்று தெரிந்திருக்கட்டும். 1190இல் இந்த மேட்டின் மேலிருந்த மரக் கோபுரத்தில் அடைக்கலம் புகுந்த சுமார் 150 யூதர்கள், வெளியே சூழ்ந்த கும்பலுக்குப் பயந்து பெரும்பாலும் தாங்களே உயிரை விட்டார்கள், வெளியே வந்தவர்களையும் கொன்றார்கள். இப்போது நிற்கும் கல் கோபுரம் அதற்கு அப்புறம் கட்டியது. மேட்டின் அடியில் அதற்கான நினைவுக்கல் இருக்கிறது, படி ஏறும் அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

மழை நாளுக்கு ரயில்வே அருங்காட்சியகத்தை ஒதுக்கி வையுங்கள், நுழைவு இலவசம், ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே இருக்கிறது. 1938இல் மணிக்கு 126 மைல் ஓடிச் சாதனை படைத்த மல்லார்ட் என்ற நீராவி எஞ்சின் அந்த அருங்காட்சியகத்தின் சொத்து.

அப்புறம் ஒரு அரை நாளைத் துணி துவைக்க விடுங்கள். நான் அதைக் கடைசி நாளுக்குத் தள்ளிப்போட்டு, சலவைக் கடையில் சில்லறை இல்லாமல் நின்று, ஈர ஜீன்ஸைப் பையில் அடைத்துக்கொண்டு கிளம்பினேன். அடுத்த ஊர் வரை பை நாறியது. இரவுச் சாப்பாட்டுக்கு சூப்பர்மார்க்கெட்டில் மூடும் நேரத்துக்கு முன் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி விலை குறைத்த பொட்டலங்களைத் தேடுங்கள், விடுதியில் அடுப்பு இருந்தால் செலவு பாதியாகும்.

கிளம்பும் அன்று ரயிலுக்கு முக்கால் மணி நேரம் இருந்தால் ஸ்டேஷன் எதிரே போகும் மதில் மேல் ஏறுங்கள். ஊஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மின்ஸ்டர் முழுசாகத் தெரியும் இடம் அது. முதுகுப் பை என்றால் பிரச்சினை இல்லை, சக்கரப் பெட்டி வைத்திருப்பவர்கள் கீழேயே நின்று பாருங்கள், படி குறுகல்.